நண்டு வலையில் வந்த மெடல்

மெடல் காணாமல் போன அன்று என்மேல் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. அது திரும்பி வந்த அன்றுதான் நான் திருடி என்று முடிவானது.

குடியரசு தினத்தன்று காலையில் அத்தை பீரோவைத் திறந்து அந்தச் சிறிய பெட்டியை எடுத்தார். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற ஒவ்வொரு வருடமும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கார்கில் சண்டையில் சேனா மெடல் வாங்கிய சோணைமுத்து என்றால் ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் ரோட்டில் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். அன்று மட்டும்தான் மெடல் வீட்டை விட்டு வெளியே வருமாம். அத்தை அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவர் சட்டையில் குத்திவிட்டு, தள்ளி நின்று பார்ப்பாராம். தனுஷ் சொல்லியிருக்கிறான். அவன் என் கணவன், அவர்களுக்கு ஒரே மகன்.

பெட்டிக்குள் நீலத் துணியும், மெடல் படுத்திருந்த வட்டப் பள்ளமும்தான் இருந்தன.

அத்தை பாயை உதறினார், அரிசி மூட்டையை நகர்த்தினார், துவைத்து மடித்த துணிகளையெல்லாம் கலைத்துப் போட்டார். மாமா தேடவே இல்லை. "சரி விடு முருகம்மா. பிள்ளைக வெயில்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டு வெறும் சட்டையோடு போனார். மனிதர் இடிந்துபோய்விட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பீரோச் சாவி காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குப் புதிய ஆள் நான் ஒருத்திதான். மண்டபத்துக்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை செய்தவள், அங்கே ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தனுஷைக் கட்டிக்கொண்டு வந்தவள். போதாததற்கு, பொங்கலுக்கு என் அண்ணன் கில்பர்ட் வந்திருந்தபோது அத்தையே மெடலை எடுத்துக் காட்டியிருந்தார். மாமா பனிமலை உச்சியில் தனியாக ஏறி எதிரிகளைச் சாய்த்த கதையையும் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மூன்று பேராக இருந்த எதிரிகள் பொங்கலுக்குள் ஐந்து பேராகியிருந்தார்கள். மாமா அந்தக் கதை தொடங்கியதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார்.

அண்ணன் மெடலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும் துப்பாக்கிக் கத்தி. விளிம்பைச் சுற்றி மாமாவின் நம்பரும் பெயரும் ஆங்கிலத்தில். சிவப்பு நாடா, நடுவே வெள்ளைக் கோடு.

"வெள்ளியா அத்தை?" என்று கேட்டான்.

அவன் சும்மா கேட்டதுதான். பிறகு அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அத்தை பல நாள் நின்றார்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் என்னை நேரடியாக எதுவும் சொல்லவில்லை. சாவி மட்டும் ஆணியிலிருந்து அத்தையின் இடுப்புக்குப் போனது. நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தால் பேச்சு நிற்கும். பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி அக்கா என்னிடம் கொடுத்திருந்த தன் பிளவுசைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "அவசரமில்லத்தா, பெறகு குடுக்குறேன்" என்றார். தைப்பதற்குக் கொடுத்த துணியில்கூட நான் எதையாவது எடுத்துவிடுவேன் போல.

பிப்ரவரி நடுவில், முதல் பறிப்பு மிளகாய் களத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், அண்ணனின் வண்டி வந்து நின்றது. அவன் நண்டு ஏஜெண்ட். மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் கரையோர ஊர்களில் நண்டு வாங்கிக் கம்பெனிக்குப் போடுகிறவன். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினான்.

"ஏ ஆஸ்லின்! மாமாவக் கூப்பிடு! அத்தையக் கூப்பிடு! எல்லாரும் வாங்க!"

கையில் மெடல் இருந்தது. கறுத்துப்போய், நாடா வெளிறிப்போய் இருந்தது. ஆனால் அதேதான்.

"தேவிபட்டினத்துல சாலிஹாக்கா நண்டு வலையில வந்திருக்கு அத்தை. ஏதோ துணி மூட்டைக்குள்ள. நான் நண்டு எடை போடப் போறேன், அக்கா இதக் கையில வச்சுக்கிட்டு நிக்கிது. பேரப் பாக்குறேன், சோணைமுத்து! வண்டிய அப்படியே இங்கன திருப்பிட்டேன். எந்தங்கச்சி எடுக்கலேன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சா?"

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு பை நிறைய நண்டும் கொண்டுவந்திருந்தான்.

அத்தை மெடலை வாங்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"இந்த வீட்டுப் பீரோவுல இருந்து அது நடந்தே போயிக் கடல்ல குளிச்சுச்சாக்கும்?"

"அது எப்படிப் போச்சுன்னு எனக்கு என்னத்தத் தெரியும் அத்தை?"

"தொண்டில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடலு கெடக்கு. கடைசில ஒன் கைக்குத்தான் வந்து சேரணுமோ?"

அண்ணனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "திருடுனவன் யாராச்சும் திருப்பிக் கொண்டாருவானா?"

"விக்க முடியாதவன் கொண்டாருவான். பேரு வெட்டுன வெள்ளிய எந்தக் கடைக்காரன் வாங்குவான்? நீதான அன்னைக்கே கேட்ட, வெள்ளியா அத்தைன்னு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன்? வேறு வீட்டில் நடந்திருந்தால் நானும் அத்தை பக்கம்தான் நின்றிருப்பேன்.

களத்திலிருந்து மாமா வந்தார். அண்ணன் மெடலை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கினார், குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"துணி எங்க?" என்றார்.

"எந்தத் துணி மாமா?"

"ஏதோ துணி மூட்டைன்னு சொன்னியே."

"அதுவா? அங்கனயே கெடக்கும்."

மாமா தலையாட்டிவிட்டு மெடலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு களத்துக்குத் திரும்பிப் போனார். எல்லோரும் மெடலைப் பற்றிப் பேசினார்கள். அவர் மட்டும் துணியைக் கேட்டார். அது எனக்கு நெருடியது. ஆனால் அதற்குள் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை முனியய்யா கோயில்ல வந்து சூடத்த அடிச்சு அணைக்கட்டும். எடுக்கலேன்னா அவளுக்கு என்ன பயம்? முடியாதுன்னா வெள்ளிக்கிழமையே அண்ணன் வண்டியில ஏறிக்கிறட்டும். நீ இந்த நண்டையும் எடுத்துட்டுப் போப்பா."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது அந்த ஊர் வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாக் கதையிலும் யாராவது செத்தார்கள்.

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். பைக்குள் நண்டுகள் ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் மிளகாய் லோடு இறக்கிவிட்டு வந்த தனுஷ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பாதிச் சோற்றில் சொன்னான், "நீ எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்."

"அப்பறம்?"

"இல்ல... ஒங்க அண்ணன் விளையாட்டா எடுத்திருப்பானோ? பெறகு பயந்து போயி இப்படி ஒரு கதை..."

"அவங்கூட நீ ரெண்டு வருசம் வண்டி ஓட்டுன தனுஷ். ஒரு நாள் ஐஸ்ல கைவச்சிருப்பானா?"

"நான் சொல்லல. ஊரு சொல்லுது."

"ஊரு இங்க ஒக்காந்து சோறு திங்கல. நீதான் திங்கிற."

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். மண்டபத்திலிருந்து அம்மா போன் போட்டாள். அம்மா பெயர் ஜெபமாலை, பெயருக்கேற்றபடிதான் இருப்பாள். "அன்னிய சாமி முன்னால சத்தியம் பண்ணாத புள்ள. வந்துரு. நம்ம வீட்டுல சோறு இல்லையா?" என்று அழுதாள். போனால் திருடி. போகாமல் கற்பூரத்தை அடித்தால் அம்மாவுக்குப் பாவி. அடிக்கும்போது கை நடுங்கினாலும் திருடிதான். கை நடுங்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த இரண்டு மூன்று நாட்களில் நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். தனுஷின் வண்டிச் சீட்டுக்கு அடியில் தேடிப் பார்த்தேன். அத்தையே ஒளித்துவைத்து நாடகமாடுகிறாரோ என்று நினைத்தேன். பாத்திரம் கழுவும்போது, அண்ணன் மெடலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த காட்சி வந்தது. அவன் கண்ணில் அன்று ஏதாவது இருந்ததா என்று யோசித்தேன். அதை யோசித்ததற்காக என் கையை நானே பாத்திரத்தில் இடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை, தையல் நூல் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தேவிபட்டினம் பஸ்ஸில் ஏறினேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அது. அத்தை நம்பவில்லை. ஆனால் போகவிட்டார்.

கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலில் கூட்டம் இருந்தது. ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நவக்கிரகக் கற்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிக் கரையோடு நடந்தால் வலை காயப்போட்டிருக்கும் இடம். சாலிஹாக்கா முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அண்ணன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"கில்பர்ட்டு தங்கச்சியா? வா மவளே. ஒங்க அண்ணன் ஒரு கிறுக்கன். அப்பவே சொன்னேன், கேட்டானா?"

"என்ன சொன்னீங்க அக்கா?"

"இத வீட்டுக்குக் கொண்டு போகாதன்னு. திதி குடுத்த சாமான் அது. அந்தா அங்கன தண்ணிக்குள்ள நின்னு விடுவாக. சேலை வரும், வேட்டி வரும், செம்பு வரும். சோத்து உருண்டைய மோந்துக்கிட்டு நண்டு வரும், நண்டு வந்தா எங்க வலையும் வரும். நாங்க எதையும் வச்சுக்க மாட்டோம். மௌத்தாப் போன யாருக்கோ விட்டது, நமக்கு எதுக்கு? மறுபடி தண்ணியிலயே விட்ருவோம். இதுவும் அப்படித்தான் விடப் போனேன். ஒங்க அண்ணன் பேரப் பாத்துட்டுக் குதியா குதிக்கிறான், எந்தங்கச்சி தப்பிச்சிட்டா தப்பிச்சிட்டான்னு. சரி, கடல்காரனுக்குத் திதி குடுக்குறவுக வழமை தெரியல, என்னத்தச் சொல்ல?"

"அந்தத் துணி இருக்கா அக்கா?"

வலைக் கம்பில் அது காய்ந்துகொண்டிருந்தது. பாதித் துண்டு. வெள்ளை, பச்சைக் கரை போட்டது. எங்கள் வீட்டுக் கொடியில் அதே கரையோடு நாலைந்து துண்டுகள் தொங்கும்; நான்தான் துவைக்கிறேன். முடிச்சு போட்டிருந்த இடத்தின் சுருக்கத்தைப் பிரித்தேன். கறுப்பாக எள் ஒட்டியிருந்தது.

தை அமாவாசைக்கு விடிவதற்கு முன்பே மாமா பைக்கில் தேவிபட்டினம் போனது ஞாபகம் வந்தது. இறந்துபோன அவருடைய அய்யாவுக்குத் திதி கொடுக்க. அது பொங்கலுக்குப் பிறகு. குடியரசு தினத்துக்கு முன்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. எல்லாம் பொருந்தியது. தேடாமல் போனது, துணியைக் கேட்டது. இந்தக் கல்யாணம் பிடிக்காதது அத்தைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அத்தை வாயால் சொன்னார். இவர் வாயைத் திறக்காமலேயே என்னை வெளியே அனுப்ப வழி செய்துவிட்டார். தன் மெடலையே கடலில் வீசி மருமகளைத் திருடியாக்குகிற மனிதர் இருப்பாரா? இருக்கிறாரே. அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

நேராகக் களத்துக்குப் போனேன். தரை முழுக்கச் சிவப்பாக மிளகாய். மாமா பலகையால் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார். நெடியில் எனக்கு இருமல் வந்தது. துணியை அவர் முன்னால் விரித்துப் பிடித்தேன்.

அவர் பலகையை நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

"எங்கத்தா கெடச்சுச்சு?"

"நீங்க விட்ட எடத்துலதான். நான் இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னா நேராச் சொல்லியிருக்கலாம்ல மாமா. எதுக்கு இவ்வளவு பாடு?"

"ஏத்தா... ஒன் மேல எனக்கு ஒண்ணும் இல்லத்தா."

"அப்பறம் ஏன் சும்மா இருந்தீக? எங்க அண்ணன நிக்க வச்சுத் திருடன்னு சொன்னாக. நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

மாமா குனிந்து ஒரு சூத்தை மிளகாயைப் பொறுக்கி வெளியே எறிந்தார். பிறகு இன்னொன்று.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா" என்றார்.

"வந்து?"

"வா."

அவ்வளவுதான். பலகையைத் தள்ளத் தொடங்கிவிட்டார். தனுஷிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால், 'இந்தத் துணி ஒங்க அண்ணன் ஏற்பாடா?' என்று கேட்பான். கொடியில் தொங்கும் துண்டை நானே கிழித்து எள்ளைத் தடவியிருக்கலாமே. துணியை மடித்து என் தலையணை உறைக்குள் வைத்தேன். திருடியைப் போலத்தான் வைத்தேன்.

முனியய்யா கோயில் என்பது கண்மாய்க் கரையில் ஒரு புளிய மரமும், நட்டுவைத்த அரிவாள்களும்தான். வெள்ளிக்கிழமை காலையில் அத்தை முன்னால் நடந்தார். மெடலை மாமாவிடமிருந்து வாங்கி மஞ்சள் பையில் வைத்திருந்தார். சண்முகவள்ளி அக்காவும் இன்னும் சில பெண்களும் வழியில் சேர்ந்துகொண்டார்கள், ஏதோ தற்செயலாக வந்ததுபோல. தனுஷ் என் பக்கத்தில் நடந்தான், தொடாமல். அண்ணன் வண்டி ரோட்டிலேயே நின்றது. அவன் இறங்கவில்லை. என் துணிமணிகள் ஒரு பையில் கட்டித் தயாராக இருப்பதை அத்தை பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

பூசாரி கல்லின்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அத்தை மெடலை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"சொல்லிட்டு அடி. இத நானும் எடுக்கல, எங்க ஆளுகளும் எடுக்கலேன்னு."

நான் மனதுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். நினைத்தபடியே நடுங்கியது. பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

எனக்கு முன்னால் இன்னொரு கை போய்க் கற்பூரத்தின்மேல் அறைந்தது. மாமாவின் கை. எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். பிறகுதான் எடுத்தார்.

"எடுத்தது நான். தை அமாவாசைக்குக் கடல்ல விட்டதும் நான். முனியய்யா சாட்சி."

எனக்கு அழுகை வரப்போனது. அதற்குள் அத்தை சொன்னார், "மகன் குடும்பம் பிரிஞ்சிருமேன்னு நீங்க பழியத் தூக்கிப் போட்டுக்கிறீக. சாமி முன்னாலயே பொய்யா?"

"பொய் இல்ல முருகம்மா."

"எந்தக் கிறுக்கனாச்சும் உசுரக் குடுத்து வாங்குன மெடலக் கடல்ல போடுவானா? பூசாரி, நீங்க இன்னொரு சூடம் ஏத்துங்க. இவுக பேச்சக் கேக்காதீக. அவ கை நடுங்குனத எல்லாரும் பாத்தீகல்ல?"

பூசாரி இன்னொரு கட்டியை எடுத்தார். நான் மாமாவைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், என்னால் இவ்வளவுதான் முடியும் என்று போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரும் ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு நின்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சு பேரெல்லாம் இல்ல முருகம்மா. ஒருத்தன்தான்."

"யாரு ஒருத்தன்?"

"மேல காவலுக்கு இருந்தவன். அவன முடிச்சாத்தான் கீழ இருக்கவுக ஏற முடியும். சத்தம் வரக் கூடாதுன்னு என்னைய மட்டும் அனுப்புனாக. நான் கத்திய நீட்டிக்கிட்டு ஏறிப் போனா, அவன் பாறையில சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தான். ரெண்டு கையையும் கக்கத்துல வச்சுக்கிட்டு. குளிருக்கு. வாயத் தொறந்து, சின்னப் பிள்ளை மாதிரி."

தனுஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"முழிச்சானா?" என்று அத்தை கேட்டார். குரல் மாறியிருந்தது.

"முழிக்க விடல. முழிச்சிருந்தா எங்க ஆளுக அத்தனை பேரும் போயிருப்பாக. அது எனக்குத் தெரியும். தப்புன்னு நான் சொல்லல. மறுநாள் நாங்கதான் பொதச்சோம். பேரு தெரியல. ரெண்டு மூணு வருசமா, கண்ணசந்தா வந்து நிக்கிறான். ஒண்ணும் சொல்ல மாட்டான், கைய கக்கத்துல வச்சுக்கிட்டே நிக்கிறான். போன ஆடி அமாவாசைக்கு அய்யாவுக்குத் திதி குடுக்கும்போது அய்யர்ட்ட சொன்னேன். அவனோட பொருள் ஏதோ ஒங்ககிட்ட இருக்கு, அதத் தேடித்தான் வாரான், தண்ணியில விட்ருங்கன்னாரு. அவன் பொருள்னு எங்கிட்ட என்ன இருக்கு? வெறுங்கையோடத்தான் எறங்கி வந்தேன். யோசிச்சுப் பாத்தா, அவங்கிட்ட இருந்து எனக்கு வந்தது இது ஒண்ணுதான்."

கல்லின்மேல் மெடல் கிடந்தது. அதில் செதுக்கியிருந்த கத்தி நிமிர்ந்தபடி இருந்தது.

"அவுக சாமி வேறல்ல?" என்றார் அத்தை, மெதுவாக. "எள்ளும் தண்ணியும் அவுகளுக்குச் சேருமா?"

"அவுக என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேன்."

"இத்தன நாளு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அதச் சட்டையில குத்திட்டுத் தள்ளி நின்னு பாப்பேல்ல. அப்பச் சொல்ல முடியல. பெறகு இந்தப் பிள்ளைமேல பழி வந்துச்சு. அப்பவும் சொல்ல முடியல. அது தப்பு. அது தப்புத்தான்."

என் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் இடுப்பில் சொருகிக் கொண்டுவந்திருந்த அந்தப் பாதித் துண்டை மெடலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை கரையைத் தடவிப் பார்த்தார், முடிச்சுச் சுருக்கத்தைப் பிரித்தார். எள் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு இன்னொரு கற்பூரம் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் மெடலை எடுக்கக் குனிந்தவர் கையை இழுத்துக்கொண்டார். "செத்தவனுக்கு விட்டத வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கோமே, ஆத்தி" என்றார். கடைசியில் பூசாரிதான் வேப்பிலையால் அதைத் தள்ளிப் பைக்குள் போட்டார். பெண்கள் எங்களுக்கு முன்பே கலைந்து போய்விட்டார்கள். போகிற வழியில் என் பெயர் அவர்கள் வாயில் இல்லை. மாமாவின் பெயர்தான் இருந்தது.

அண்ணன் வண்டி வெறுமனே திரும்பிப் போனது. என் பையை நானே பிரித்து அடுக்கினேன். தனுஷ் உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். கொஞ்சநேரம் உட்காரட்டும்.

மத்தியானம் களத்துக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வேப்ப மர நிழலில் சாக்கை விரித்து மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கற்பூரத்தில் கருகிய கைக்கு அத்தை வாழைப்பட்டையைக் கட்டிவிட்டிருந்தார். அத்தை அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ தெரியவில்லை. இத்தனை நாள் என்னைப் பார்த்த அதே பார்வை. கூடவே வேறு ஏதோ ஒன்றும் அதில் இருந்தது, எனக்குப் பிடிபடவில்லை. நான் தூக்குவாளியைக் கீழே வைத்த சத்தத்தில் திடுக்கிட்டார்.

"எழுப்பாத" என்றார் கிசுகிசுப்பாக. "தூங்கட்டும்."

என்னைக் களத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். புதுத்துணி, கரை போடாதது. இந்தமுறை முடிச்சுக்குமேல் முடிச்சாக நாலைந்து. அதை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார்.

"ஒங்க அண்ணன்ட குடு. நல்ல ஆழத்துல, நண்டு வலை போடாத எடமாப் பாத்து விடச் சொல்லு. நண்டும் கொண்டாரச் சொல்லு, அன்னைக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிட்டேன்."

"சரி அத்தை."

நான் நாலடி நடந்திருப்பேன்.

"ஏ ஆஸ்லின்."

திரும்பினேன். அத்தை ஒருமுறை தூங்குகிறவரைப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார்.

"விடும்போது போன்ல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. மூட்டை முங்குறது வரைக்கும் தெரியணும்."